28 நாள் மாதமும் 11 நாள் பழுதும்: யாரிடம் முறையிடுவது?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. பட்டன் போன் வைத்திருக்கிறார், பேசுவதற்கு மட்டும்தான். 28 நாளுக்கு ஒருமுறை 199 ரூபாய் ரீசார்ஜ் செய்கிறேன். வருடத்துக்கு மாதம் 12 என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், ரீசார்ஜ் மட்டும் 13 முறை வருகிறது. பஸ் டிக்கெட்டுக்கு அரசாங்கம் விலை வைக்கிறதே, இதற்கு ஏன் வைக்கவில்லை? இரண்டாவது, வீட்டு பிராட்பேண்ட் போன மாதம் 11 நாள் வேலை செய்யவில்லை. பில் மட்டும் முழுசாக வந்தது. கம்பெனியைக் கேட்டால் ஊர் கேபிள்காரரைக் கைகாட்டுகிறது. அவரைக் கேட்டால் கம்பெனியைக் கைகாட்டுகிறார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 'உங்கள் புகார் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது' என்று பதில் வந்தது. அப்புறம் எதற்கு அந்த ஆணையம்? மூன்றாவது, சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பியின் ஊர் நம்பர் செத்துப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அதற்கு என்ன செய்வது?
(ஓர் ஆசிரியை, தென்காசி மாவட்டம்)

பதில்: டீச்சர், உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதில்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

நுகர்வோர் வழக்குகளில் என்னிடம் வருகிறவர்களை நான் முதலில் கேட்பது 'புகார் எண் இருக்கிறதா?' என்றுதான். பத்தில் எட்டுப் பேரிடம் இருக்காது. கேபிள்காரருக்கு போன் போட்டிருப்பார்கள், வாட்ஸ்அப்பில் ஆடியோ அனுப்பியிருப்பார்கள், அவரும் 'நாளைக்கு ஆள் வருது அக்கா' என்று சொல்லியிருப்பார். மனிதர் பொய் சொல்லவில்லை. ஆனால் கம்பெனியின் கணக்கில் அப்படி ஒரு பழுது நடக்கவே இல்லை. தொலைத்தொடர்புப் புகார்களுக்கென்று 2012இல் டிராய் கொண்டுவந்த விதிமுறைப்படி, கம்பெனியின் புகார் மையத்துக்கு நீங்கள் சொன்னதும் அவர்கள் ஒரு புகார் எண் போட்டு உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த எண் இல்லாமல் அடுத்த படிக்கு ஏற முடியாது.

உங்களிடம் எண் இல்லையென்றாலும் காரியம் கெட்டுப்போகவில்லை. பழுது சரியாகிவிட்டது, ஆனால் பில் தப்பாக வந்திருக்கிறது அல்லவா? பில் பற்றிய புகாராக இன்றைக்கே புதிதாகப் பதியுங்கள். 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை சேவை இல்லை, வாடகைத் தள்ளுபடி தராமல் முழு பில் போட்டிருக்கிறீர்கள்' என்ற ஒரே வாக்கியம் போதும். கோபத்தையெல்லாம் அதில் எழுத வேண்டாம்.

தள்ளுபடி கேட்க உங்களுக்கு உரிமை உண்டா? உண்டு. சேவைத்தரம் பற்றிய புதிய விதிமுறைகளை டிராய் 2024 ஆகஸ்ட் 2 அன்று வெளியிட்டது; அக்டோபர் 1 முதல் நடைமுறை. கம்பிவழிச் சேவையில் பழுதை மூன்று நாளுக்குள் சரிசெய்யவில்லை என்றால், மாதக் கடைசியில் பில் கட்டுகிறவரானாலும் முன்பணம் கட்டுகிறவரானாலும் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும் என்பது அதில் இருக்கிறது. அதாவது உங்கள் 11 நாளைக்கு அவர்கள் கருணை காட்டத் தேவையில்லை, விதியைப் பின்பற்றினால் போதும்.

மொபைலுக்கும் இதே விதிமுறையில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு மாவட்டம் தழுவிய அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால், போஸ்ட்பெய்டுக்காரருக்கு வாடகையில் கழிவும் ப்ரீபெய்டுக்காரருக்கு வேலிடிட்டி நீட்டிப்பும் தர வேண்டும். உங்கள் தெருவுக்கு சிக்னல் தரும் ஒரு டவர் மட்டும் படுத்துவிட்டால் இது பொருந்தாது. புயல், வெள்ளத்தில் போனதற்கும் கிடையாது. இந்த ஊரில் புயல் எந்த மாதம் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும், அதற்கேற்ற டீசலையும் ஜெனரேட்டரையும் தயாராக வைத்திருக்க வேண்டியது யார் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. விதியில் அதற்கு இடமில்லை.

கேபிள்காரர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர் மாதிரி இடங்களில் ஃபைபரை மின்கம்பம் மின்கம்பமாக இழுத்து வீட்டுக்குள் கொண்டுவந்து கொடுப்பது உள்ளூர் கேபிள்காரர்தான். அவர் கம்பெனியின் ஃபிரான்சைஸ். ஆனால் பில்லில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். அரசிடம் உரிமம் வாங்கியது அந்த நிறுவனம். ஃபிரான்சைஸ் செய்ததற்கும் செய்யாததற்கும் பொறுப்பு அதனுடையது. 'அவரைக் கேளுங்கள்' என்பது பதிலே அல்ல. அப்படித்தான் பதில் வருகிறதென்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டில் உங்களுக்குத்தான் உதவும்.

ஆதாரம் என்ன வைப்பது? அடுத்த முறை நெட் போனால், சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியைப் பாருங்கள். 'லாஸ்' என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மினுங்கினால் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். வெளியே எங்கேயோ அறுந்திருக்கிறது. 'உங்கள் வைஃபை செட்டிங்கில் பிரச்சினை' என்ற பேச்சுக்கு அந்த விளக்கே பதில். தினமும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், தேதி தானாகவே பதிவாகிவிடும்.

புகாருக்குத் தீர்வு வரவில்லை, அல்லது வந்தது திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போக வேண்டும். கட்டணம் கிடையாது, மின்னஞ்சலே போதும். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் அந்த அதிகாரியின் விவரம், டிராய் நடத்தும் டிசிசிஎம்எஸ் என்ற தளத்தில் இருக்கிறது. 'கம்பெனியைப் பற்றி கம்பெனியிடமே மேல்முறையீடா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனாலும் அங்கே போகாமல் விடாதீர்கள். புகார் மையத்தில் மனப்பாடம் செய்த பதிலைத்தான் சொல்வார்கள். மேல்முறையீட்டில் விதியைக் குறிப்பிட்டு எழுதினால், பில்லைத் திருத்த அதிகாரம் உள்ள ஒருவர் படிக்கிறார். சில நூறு ரூபாய்த் தகராறுகள் பெரும்பாலும் இந்தப் படியிலேயே முடிந்துவிடுவதைப் பார்க்கிறேன்.

முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2009இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், போன் பில் தகராறுக்கெல்லாம் பழைய தந்திச் சட்டத்தின் 7பி பிரிவுப்படி நடுவரிடம்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதைக் காட்டியே கம்பெனி வக்கீல்கள் வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்வார்கள். 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில் அதே நீதிமன்றம், தனியார் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை என்று தெளிவாக்கியது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் கவலையில்லை. 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சேவைக்குக் கட்டணமும் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். இப்படிச் சொல்வதால் எனக்கு வருமான இழப்பு என்று என் ஜூனியர் சிரிக்கிறார்.

இப்போது டிராய். உங்கள் மின்னஞ்சலை அவர்கள் கம்பெனிக்கு அனுப்பியதில் அலட்சியம் ஏதுமில்லை, சட்டமே அப்படித்தான். 1997இல் அந்த ஆணையம் உண்டானபோது தகராறுகளைத் தீர்ப்பதும் அதன் வேலையாக இருந்தது. 2000இல் சட்டத்தைத் திருத்தி அந்த வேலையைப் பிடுங்கி டிடிசாட் என்ற தீர்ப்பாயத்திடம் கொடுத்தார்கள். அங்கேயும் தனி நுகர்வோர் நேராகப் போக முடியாது. கம்பெனிகள் தங்களுக்குள் சண்டை போடவும், அரசோடு சண்டை போடவும்தான் அது. நுகர்வோர் குழுவாகப் போகலாம் என்று சட்டம் சொல்கிறது. தீர்ப்பாயம் இருப்பது டெல்லியில். உங்கள் தெரு மொத்தமும் ரயிலேறினாலும் எனக்குத் தெரிந்து யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள். ஆக டிராய் விதி போடும், அறிக்கை வாங்கும், அபராதம் விதிக்கும். உங்கள் பில்லைத் திருத்தித் தராது.

விலைக் கேள்விக்கு வருவோம். டிராய்க்குக் கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. 1999இல் போட்ட கட்டண ஆணை இன்றும் உயிரோடு இருக்கிறது. அதைத் திருத்தித் திருத்தித்தான் எல்லாம் நடக்கிறது. ஆனால் மொபைல் கட்டணத்தில் தலையிடாமல் கம்பெனிகளே வைத்துக்கொள்ளட்டும் என்று இருபது வருடத்துக்கு மேலாக விட்டுவைத்திருக்கிறார்கள். 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், விஐ (வோடஃபோன் ஐடியா) மூன்றும் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றினபோது நாடு முழுக்கக் கூச்சல் எழுந்தது. மத்திய அரசு சொன்ன பதிலும் இதுதான்: விலையைத் தீர்மானிப்பது சந்தை.

அப்படி விட்டது ஒரு காலத்தில் சரியான முடிவு. மொபைல் நம் நாட்டுக்கு வந்த 1995இல் நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை போனது. வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. பிறகு கம்பெனிகள் குவியக் குவிய, போட்டியில் விலை சரிந்தது. 2010 வாக்கில் தமிழ்நாட்டில் எத்தனை பெயர்கள் என்று நினைத்துப்பாருங்கள்: ஏர்டெல், வோடஃபோன், ஐடியா, ஏர்செல், ரிலையன்ஸ், டாடா, பிஎஸ்என்எல், இன்னும் சில. அப்படிப்பட்ட சந்தைக்கு எந்த ஆணையமும் விலை சொல்லத் தேவையில்லை.

அந்தச் சந்தை இப்போது இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இலவசமாகக் கொடுத்த பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன. 2018 பிப்ரவரி கடைசி வாரத்தை நம் ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள்: நம் மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்த ஏர்செல் திடீரென்று சிக்னல் இல்லாமல் போனது. அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாற போர்ட் கோடு வேண்டும், கோடு வாங்க சிக்னல் வேண்டும், சிக்னல் இல்லை! ஷோரூம் வாசல்களில் ஜனம் மணிக்கணக்கில் நின்றது. அதே ஆண்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. மிஞ்சியது மூன்று தனியார் கம்பெனி, ஒரு அரசுக் கம்பெனி.

உங்கள் அம்மாவுக்கு அந்த நாலும்கூட இல்லை. ஜியோவில் 2ஜி கிடையாது. சாதாரண பட்டன் போனில் அந்த சிம் பேசாது, அதற்கென்று 4ஜி போன் வேண்டும். ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல் என்று மூன்றுதான் அவருக்கு. அதில் ஒன்று முழுக்க அரசுடையது. இன்னொன்றான விஐ, அரசுக்குத் தர வேண்டிய கடன் நிலுவையைப் பங்காக மாற்றியதில் 2025 முதல் ஏறக்குறைய 49 சதவீதம் அரசுடையது. உரிமக் கட்டணமாகக் கம்பெனிகளின் வருவாயில் 8 சதவீதம் அரசுக்குப் போகிறது, அலைக்கற்றைக்கு ஏலத்தொகை போகிறது, நீங்கள் போடும் ஒவ்வொரு ரீசார்ஜிலும் 18 சதவீத ஜிஎஸ்டி போகிறது. விலை ஏறினால் வருத்தப்பட அரசுக்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை என்பது என் கருத்து.

அதற்காக எல்லா பேக்குக்கும் உச்சவரம்பு வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தினம் 2 ஜிபி வேண்டுகிறவருக்குக் கம்பெனிகள் இன்னும் போட்டி போடுகின்றன. பேசுவதற்கு மட்டும் போன் வைத்திருக்கிறவரைத்தான் யாரும் சீண்டுவதில்லை. அவருக்கென்று ஒரு அடிப்படை பேக், அதற்கு மட்டும் விலை வரம்பு, அது போதும். வரம்பு வைப்பது நடக்காத காரியமும் அல்ல. ரோமிங் கட்டணத்துக்கு டிராய் வரம்பு வைத்தது, 2015இல் அதை இன்னும் இறக்கியது. கிராமத்து லேண்ட்லைன் கட்டணத்தையும் கையில் வைத்திருந்தது.

விலையைத் தொடாமல் டிராய் சுற்றி வளைத்து வருவதும் உண்டு. உங்கள் 13ஆவது ரீசார்ஜ் பற்றி நாட்டில் பலரும் கேட்டதன் பலனாக, 2022 ஜனவரியில் ஓர் உத்தரவு வந்தது: ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் செல்லுபடியாகும் பேக்கும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பேக்கும் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் எடுத்துச் சொல்வதில்லை, ஆப்பில் நாலு முறை விரலால் தள்ளினால்தான் கண்ணில் படும். 28 நாள் பேக்கை ஒழித்துவிடு என்று உத்தரவு சொல்லவில்லை.

அம்மாவுக்கு உண்மையில் உதவுவது அடுத்த உத்தரவு. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள, டேட்டா இல்லாத பேக் ஒன்றாவது கட்டாயம் வேண்டும், அந்த வகை வவுச்சரை 365 நாள் வரை விற்கலாம் என்று 2024 டிசம்பரில் விதி போட்டார்கள். அதன் பிறகு நடந்ததைக் கொஞ்சம் கிட்டே நின்று பாருங்கள். ஏர்டெல்லில் அதுவரை 84 நாளுக்கு 6 ஜிபி டேட்டாவோடு 509 ரூபாய் பேக் ஒன்று இருந்தது. புது விதி வந்ததும் அதிலிருந்து டேட்டாவை எடுத்துவிட்டு 499க்கு விற்றார்கள். ஆறு ஜிபியின் விலை பத்தே ரூபாய்! டேட்டா வேண்டாதவர் மிச்சப்படுத்தட்டும் என்ற விதியின் நோக்கம் அங்கேயே செத்தது. இந்தப் புது பேக்குகளை ஆராயப்போகிறோம் என்று டிராய் வெளிப்படையாகச் சொன்னது. விலை வை என்று சொல்லவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும்தான். சில நாளிலேயே 499 என்பது 469 ஆனது; வருட பேக் 1,959லிருந்து 1,849 ஆனது.

ஆணையம் எதற்கு என்று கேட்டீர்களே, நல்ல நாளில் அது செய்கிற வேலை இது. கெட்ட நாளும் உண்டு. அழைப்பு பாதியில் அறுந்தால் ஒரு அழைப்புக்கு ஒரு ரூபாய், நாளைக்கு மூன்று ரூபாய் வரை கம்பெனி தர வேண்டும் என்று 2015இல் விதி போட்டது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. வாடிக்கையாளர் பக்கக் காரணத்தாலும் அழைப்பு அறலாம், அதைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் கம்பெனி தலையில் கட்டுவது தன்னிச்சையானது என்று 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செய்துவிட்டது. அதிலிருந்து டிராய் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்துத்தான் வைக்கிறது.

கணக்கைப் போட்டுவிடுவோம். நீங்கள் 199 வீதம் 13 முறை போட்டால் 2,587 ரூபாய். நான் சொன்ன 1,849 பேக்கில் வருடத்துக்கு 738 ரூபாய் மிச்சம். மாதாமாதம் நினைவு வைத்துக்கொள்ளும் தொல்லையும் போயிற்று. இந்தத் தொகைகள் மாறக்கூடியவை, ரீசார்ஜ் செய்யும் அன்றைக்கு உங்கள் கம்பெனியின் ஆப்பில் பாருங்கள். 'வாய்ஸ் ஒன்லி' என்று கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் 199தான் வரும். 74 வயதில் வருடத்துக்கு மொத்தமாகப் போடத் தயங்கினால் 84 நாள் பேக் போடலாம், மிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பிஎஸ்என்எல்லுக்கு மாற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். விலை குறைவுதான். ஆனால் அம்மா உட்காருகிற திண்ணையில் அதன் சிக்னல் வருகிறதா என்பதை முதலில் பாருங்கள்; பக்கத்து வீட்டு பிஎஸ்என்எல் போனை வாங்கிவந்து பேசிப்பார்ப்பது எல்லா வரைபடத்தையும்விட உத்தமம். கம்பெனிகள் தங்கள் தளத்தில் கவரேஜ் வரைபடம் போட வேண்டும் என்ற விதியும் இப்போது உண்டு. மாற்ற முடிவானால், பெரிய எழுத்தில் போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, நம்பரையும் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் கோடு வரும். அது நாலு நாளைக்குத்தான் செல்லும். மாநிலத்துக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிட வேண்டும். பழைய கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக் கூடாது. ப்ரீபெய்டில் மிச்சமிருக்கும் பேலன்ஸ் கூடவே வராது, ஆகவே பேக் முடியும் தறுவாயில் மாறுங்கள்.

தம்பியின் நம்பருக்கு வருவோம். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லை என்றால் ப்ரீபெய்டு நம்பரைக் கம்பெனி முடக்கலாம். ஆனால் மெயின் பேலன்ஸில் 20 ரூபாயாவது இருந்தால் அப்படி முடக்கக் கூடாது என்பது 2013 முதல் இருக்கும் ஏற்பாடு. அவர் கணக்கில் ஒரு சிறிய டாப்-அப் போட்டு வையுங்கள். பேக் அல்ல, டாப்-அப். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நம்பர் உயிரோடு இருப்பது வேறு, அதில் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வந்துசேர்வது வேறு. பேக் முடிந்து சில நாளில் உள்வருவதையும் கம்பெனிகள் நிறுத்திவிடுகின்றன, அதை டிராய் தடுக்கவில்லை. தம்பி அந்த நம்பரை வங்கி ஓடிபிக்காக வைத்திருக்கிறார் என்றுதான் ஊகிக்கிறேன். அப்படியானால் 20 ரூபாயை நம்பி இருக்க வேண்டாம். என்ஆர்ஐ கணக்குகளுக்கு வெளிநாட்டு நம்பரைப் பதிந்துகொள்ளப் பல வங்கிகள் அனுமதிக்கின்றன. அவர் தன் வங்கிக்கு எழுதி சிங்கப்பூர் நம்பரைச் சேர்க்கட்டும். அது முடியும் வரை பேக்கை விடாமல் போட்டு வாருங்கள்.